மூன்று தட்டல்

ஒரே படத்தின் முதற்காட்சியை நான் ஐம்பது அறுபது தடவையாவது பார்த்திருக்கிறேன். இரண்டாவது காட்சியை ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு அந்தப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை வயதாகியும் அந்த எரிச்சல் போகவில்லை.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களைக் கொண்டுவந்து முசலிக் கரையில் குடியேற்றியிருந்த காலம். வரிசையாகத் தகரக் கொட்டில்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கதவு. எங்கள் வீடென்று நினைத்து அடுத்த வீட்டுக்குள் நானே இரண்டு தரம் புகுந்திருக்கிறேன். அப்பா மன்னாரில் மேசன் வேலைக்குப் போய் மாதத்துக்கு ஒருமுறை வருவார். கொட்டிலில் நானும் அம்மாவும், அம்மாவின் தங்கையான சின்னம்மாவும், தம்பியான மாமாவும் இருந்தோம். சின்னம்மாவின் புருஷன், சித்தப்பா, இல்லை. முகாமுக்கு வரும் வழியில் விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று ஆமிக்காரர் அவரை பஸ்ஸிலிருந்து இறக்கியிருந்தார்கள். இன்னும் அனுப்பவில்லை. வருவார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் சரியென்று நம்பிவிட்டு, என் கவலையைப் பார்த்தேன். என் கவலை அந்தப் படம்.

மாமா சண்டைக்கு முன் படக் கசெட் வாடகைக்கு விடும் கடையொன்றில் நின்றவர். இப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். இரவல் வாங்கிய சின்னத் திரை டிவிடி பெட்டி ஒன்றும், கீறல் விழுந்த ஒரே ஒரு படத் தட்டும் அவரிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அதனால் வள்ளத்து விளக்குக்கு வைத்திருந்த பற்றறி அன்றைக்கு மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். பூசை முடிந்து வந்ததும் அயல் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் படம் போடுவார். முக்கால் மணித்தியாலம்தான். அதற்கு மேல் ஓட்டினால் திங்கள் இரவு கடலில் விளக்கு எரியாது.

அந்த முக்கால் மணித்தியாலத்தையும் இரண்டு பேர் தின்றார்கள். முதலாவது மாமா. எங்களுக்குப் புரியாத மொழிப் படம் அது. ஒரு பெண் தனியாக ஒரு வீட்டில் இரண்டு கோப்பைகளில் சாப்பாடு போடுகிறாள். வெளியே நாய் குரைக்கிறது. கார் ஒன்று வந்து நிற்கிறது. நாய் குரைப்பதை நிறுத்துகிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. கதவு மூன்று தரம் தட்டப்படுகிறது. அவள் எழும்பவில்லை. கதவின் கொளுக்கியை மட்டும் காட்டுகிறார்கள். பிறகு திரை கறுப்பாகிப் படத்தின் பெயர் வரும்.

இதைப் பார்க்க விட்டால்தானே! “நாய் நிண்டிட்டுது, கவனிச்சனீங்களோ? ரெண்டு கோப்பை ஏன் வைச்சவள்?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். ஒருவன் தும்மினாலும் மறுபடி முதலிலிருந்து போடுவார். “படம் எடுத்தவன் பயத்தைக் காட்டமாட்டான் பிள்ளை. உனக்குள்ள கிடக்கிறதைத்தான் கிளறி எடுப்பான்” என்பார். எனக்குள் கிடந்தது முழுவதும் எரிச்சல்.

இரண்டாவது சின்னம்மா. வெயில் விழுந்தால் அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது. கதவைச் சாத்தினால் மட்டும்தான் படம். சின்னம்மாவோ கதவைச் சாத்தவே விடமாட்டார். வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு, தெருவைப் பார்த்தபடி இருப்பார். சாத்தினால் ஐந்து நிமிடத்தில் வந்து திறப்பார். வெயில் உள்ளே பாயும். மாமா முதலிலிருந்து போடுவார். சாண் ஏற முழம் சறுக்கிய கதைதான். புழுங்குது என்று ஒருநாள் சொல்வார், அடுப்புப் புகை என்று இன்னொரு நாள் சொல்வார். படத்தைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“இவள் ஏன் போய்த் திறக்கிறாளில்லை? வந்தவர் எவ்வளவு நேரம் வெளியில நிக்கிறது?”

பயத்தில் உறைந்துபோயிருந்த நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சின்னம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று நான் முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமா பற்றறியைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பவுசர் வண்டி வந்தது. அம்மாவும் சின்னம்மாவும் வாளிகளோடு ஓடினார்கள். போகும்போது, “கதவு திறந்தே கிடக்கட்டும், என்ன?” என்று சின்னம்மா எனக்குச் சொன்னார். ஓம் என்றேன். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்தி, உள்ளே கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

படம் தொடங்கியது. கோப்பைகள், நாய், கார். கதவு தட்டப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நாலு, ஐந்து. சற்றுப் பொறுத்து இன்னும் இரண்டு.

அந்தக் காட்சி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. மூன்றுக்கு மேல் தட்டல் இல்லை என்று எனக்குத் தெரியும். மாமா பெருமையோடு திரைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் கதவும் திறந்திருக்கும், படமும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. திரை கறுத்தது, பெயர் வந்தது. இரண்டாவது காட்சியில் அதே பெண் ஒரு கந்தோரில் மேசைக்கு முன்னால் இருந்து கடதாசி அடுக்கிக்கொண்டிருந்தாள். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன் என்று வந்தது எனக்கு.

அந்த நேரம் வெளியே வாளி விழுந்த சத்தம் கேட்டது. கம்பியை அவிழ்த்துக்கொண்டு ஓடினோம். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: “ஆரோ ஒராள் வந்து தட்டித் தட்டிப் பாத்திட்டுப் போட்டார் அக்கா. முதுகைத்தான் கண்டனான். மெலிஞ்ச ஆள், கையில ஒரு பை.” சின்னம்மா கொண்டச்சி றோட்டுப் பக்கம் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். மாமா பின்னால் ஓடினார். றோட்டில் யாரும் இல்லை. பஸ் போய்விட்டிருந்தது. வந்தவர் புடவை வியாபாரியாக இருக்கலாம், வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் பதிகிறவராக இருக்கலாம். இன்றுவரை யாரென்று தெரியாது.

“தட்டினது ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?” என்றார் சின்னம்மா, திரும்பி வந்து.

“படத்திலதானே அக்கா தட்டினது,” என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை.

சின்னம்மா என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு பிள்ளை. எத்தினை தரம் தட்டினது?”

“மூண்டு,” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. சின்னம்மா தானாகவே உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவும் விட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பைகள், நாய், கார், மூன்று தட்டல். திரை கறுத்தது. “இன்னொருக்காப் போடு தம்பி,” என்றார் சின்னம்மா. மாமா போட்டார். மூன்று. “இன்னொருக்கா.” பற்றறி இறங்கும் வரைக்கும் அதையே போட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவு சாத்திக் கிடந்தும் அன்றைக்கும் படம் முதற்காட்சியைத் தாண்டவில்லை.

ஒவ்வொரு முறை மூன்றாவது தட்டல் முடிந்ததும் சின்னம்மா திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நான் சொல்வேன் என்று அவர் காத்துக்கொண்டிருந்தது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.