தனியா இருக்கணும் என்றாள்

அப்பாவின் வருஷப் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு, கடைசிச் சட்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்த என் மனைவி, "எங்கயாச்சும் கடல் பக்கமா போயி ரெண்டு நாளு தனியா இருக்கணும்ங்க" என்றாள். சொல்லிவிட்டு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். கல்யாணமான இந்த முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று ஒன்றைக் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. சாலையில் போகிற கரும்புச்சாறு வண்டியைக்கூட நான்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முடிவு செய்தேன்.

எங்கள் குடும்பத்தில் சாவு விழுந்தால் வருஷப் பூசை முடியும்வரை உல்லாசமாக எங்கும் போவதில்லை. அதற்கு முந்தைய ஏழு வருஷமும் போகவில்லை. புலாவ் செபாங் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த அப்பா, ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துபோய், மலாக்கா புக்கிட் பெருவாங்கில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தார். ஏழு வருஷம் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் அவள்தான். நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். ஆனால் வாங்கிப் போட வேண்டியது எதிலும் நான் குறை வைத்ததில்லை. ஏற்றி இறக்கும் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி எல்லாம் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். நல்ல மகன் என்று கோயிலில் நாலு பேர் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

ஆக, கடல். என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒரு போல்ட் வாங்குவதானாலும் இரண்டு இடத்தில் விசாரித்துப் பார்த்து வாங்குகிற ஆள் நான். மூன்று நாள் போனையே நோண்டி இரண்டு இடங்களைப் பொறுக்கி எடுத்தேன். இரண்டுமே மஸ்ஜிட் தானாவைத் தாண்டிப் போகிற கடற்கரையில்தான்.

ஒன்று, சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் குன்றை ஒட்டித் தனியாக நிற்கும் ரிசோர்ட். பின்னால் காடு, முன்னால் கடல், பக்கத்தில் ஒரு கடைகண்ணி கிடையாது. இன்னொன்று பெங்காலான் பாலாக்கில், மீனவர் கிராமமான கம்போங்கை ஒட்டி வரிசையாகக் கட்டியிருக்கும் மர அறைகள். சாலே என்று சொல்வார்கள். கதவைத் திறந்தால் வாழைப்பழம் பொரிக்கும் பீசாங் கோரேங் கடை, சுட்ட மீன் கடை, பட்டம் விடும் பிள்ளைகள், கராவோக்கே.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து இரண்டின் குறைநிறைகளையும் எழுதினேன். தாள் நிறைந்ததே தவிர முடிவு வரவில்லை. அவளிடமே நீட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு எது தோணுதோ அதையே பாருங்க."

"தனியா இருக்கணும்னு நீதான சொன்ன? அப்ப இந்த முதல் இடம்தான?"

"சும்மா போயி ரெண்டையும் பாத்துட்டு வரலாமே" என்றாள்.

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, கன்ஃபர்ம் அந்தக் குன்று பக்கம்தான் லா. ப்ரைவசி வேணும்ல. ரெண்டு பேரும் ஹனிமூனே போகலன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று சிரித்தாள். எனக்குக் காது சூடேறிவிட்டது. அடுத்து புலாவ் செபாங்கில் இருக்கும் அக்காவிடம் வாயைக் கொடுத்தேன். "காட்டுக்குள்ள கொண்டுபோயி வைக்காத தம்பி. சாவு நடந்த வீட்டுப் பொம்பள, ஆள் அரவம் இல்லாத எடத்துல ஒக்காந்தா அதையேதான் நெனைச்சிக்கிட்டு இருப்பா. பாசார் மாதிரி கலகலன்னு ஒரு எடமா பாரு. அதுசரி, பேரன் பேத்தி எடுக்குற வயசுல உங்களுக்கு என்னடா தனியா?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம்தான் தலைக்குச் சாயம் அடித்திருந்தேன். புதிதாக இரண்டு டி-சட்டை வேறு வாங்கினேன். ஒன்று நீலம்.

நீலத்தைப் போட்டுக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமை காலை கிளம்பினேன். முதலில் குன்றோர ரிசோர்ட். போகப் போக வீடுகள் குறைந்து, ரப்பரும் செம்பனையும் குறைந்து, கடைசியில் சவுக்கு மரங்கள் மட்டும் நின்றன. வண்டியை நிறுத்தி இறங்கினால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரவேற்பறையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். கடலைப் பார்த்த அறை இருக்கிறதா, காலைச் சாப்பாடு உண்டா, பெரிய கட்டிலா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அதுவரை வாயே திறக்காமல் நின்ற என் மனைவி என்னைத் தாண்டி மேசைப் பக்கம் நகர்ந்து, "செஓராங் சாஜா, போலே?" என்று கேட்டாள்.

ஒருத்தர் மட்டும், முடியுமா?

"போலே, காக்", முடியும் அக்கா, என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தைப் பார்த்தேன்.

முதலில் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. ஆள் கணக்கில் வாடகை வாங்குவார்களோ என்று விசாரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். காருக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டேன்.

"யாரு அந்த ஒருத்தரு?"

"நான்தான்."

"நீ மட்டுமா?"

"தனியா இருக்கணும்னுதான அன்னைக்கே சொன்னேன்."

"நாம தனியா இருக்கணும்னு சொன்னன்னு நெனச்சேன்!"

"நாமன்னு நான் சொல்லலியே" என்றாள். அவளும் குழம்பிப்போய்த்தான் என்னைப் பார்த்தாள். சொன்னது நிஜம்தான். நாம் என்றும் சொல்லவில்லை, நான் என்றும் சொல்லவில்லை. நம் பேச்சில் யாரும் அதைச் சொல்வதில்லை. பசிக்குது என்றால் யாருக்கு என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம்? மலாயில் ஆள் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லையென்றால் இரண்டு பேருக்கும் அறை போட்டு, நீலச் சட்டையோடு போய் இறங்கியிருப்பேன்.

கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. எதற்குப் பயம் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெண்டாட்டி தனியாக அறை எடுத்துத் தங்குகிறாள் என்றால் கோயிலில் என்ன பேசுவார்கள் என்று ஓடியது. அடுத்த நிமிஷம், கோயில் கிடக்கட்டும், அவள் திரும்பி வருவாளா என்று ஓடியது. இரண்டு நாள் என்றுதானே சொன்னாள், அதற்குள் இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

"எம்மேல கோவமா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

"தெரியல. கேட்டா சொல்லத் தெரியல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததா, வெயிலா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, தோற்றாயிற்று, ஆசைப்பட்டதையாவது முழுசாகக் கொடுத்துவிடுவோம் என்று, "அப்ப இதையே போட்டுடலாம். இங்க ஒரு ஈ காக்கா இல்ல. நல்லா அமைதியா இருக்கலாம்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. அவளோ அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

"இங்க வேணாம்ங்க. அந்த இன்னொண்ணையும் பாப்போம்."

தனியாக இருக்க வேண்டுமாம், தனி இடம் வேண்டாமாம். பெங்காலான் பாலாக் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அங்கே நான் தாளில் எழுதி வைத்திருந்த குறைகள் அத்தனையும் வரிசையாக நின்று வரவேற்றன. ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்களில் பையன்கள் பறக்கிறார்கள். மரத்தடியில் யாரோ ஒரு ஆள் கராவோக்கேயில் தொண்டை கிழியப் பாடுகிறார். பீசாங் கோரேங் எண்ணெய் புகைகிறது. கடல், மலாக்காக் கடல் எப்போதும் இருக்கிற மாதிரித் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. சாலே வீடுகளுக்குச் சொந்தக்காரி ஒரு மலாய்க்கார அம்மா. கடையும் அவருடையதுதான். அடுப்பில் வேலையாக இருந்தவர், கொஞ்ச நேரம் உட்காருங்கள், சாவி எடுத்து வருகிறேன் என்று இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார்.

உட்கார்ந்தோம். என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மணலில் வைத்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் சுட்ட மீன் விலைப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்புகிறேன், தூங்கிவிட்டிருந்தாள்.

சும்மா கண்ணை மூடியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அடித்துப்போட்ட மாதிரித் தூக்கம். காதுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் போகிறது, அசையவில்லை. அந்த ஆள் உச்சஸ்தாயியில் ஏறி அங்கேயே நிற்கிறார், அசையவில்லை. வீட்டில் கரண்டி கீழே விழுந்தால் விழித்துக்கொள்கிற பெண் இவள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூடக் கலங்கினேன். தொட்டு எழுப்பலாமா, விட்டுவிடலாமா என்று கையைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தேன். நாலு பேர் பார்க்கும்படி நடுக் கடற்கரையில் இப்படித் தூங்குகிறாளே என்று கூச்சமாகவும் இருந்தது.

கால் மணி நேரம் இருக்கும். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்காரர் மைக்கை வாங்க வரவில்லை. மோட்டார் சைக்கிள்களும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. ஒரு நிமிஷம் கடற்கரை முழுக்கச் சத்தமில்லை.

அவள் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் கைப்பை மணலில் விழுந்தது. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு நடந்துவிட்டாள். பிறகு கடலைப் பார்த்து நின்றாள். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"என்னாச்சு? கனவா?"

"இல்ல. சத்தம் நின்னுடுச்சு."

"நின்னா என்ன?"

"மாமா மூச்சு விடுறது நம்ம ரூமு வரைக்கும் கேக்கும்ல. கேட்டா தூங்குவேன். நின்னா முழிச்சிக்குவேன். ஓடிப்போயி நெஞ்சுல கை வச்சிப் பாப்பேன். சில நாளு நாலு தடவ, அஞ்சு தடவ. இப்பவும் வீடு அமைதியா ஆச்சுன்னா எழுந்திரிச்சி அந்த ரூமுக்குப் போயிடுறேங்க. போயி நின்னப்புறம்தான் கட்டிலு இல்லங்கறதே ஞாபகம் வருது. அதான், சத்தமா ஒரு எடம், யாரு மூச்சையும் நான் பாக்க வேண்டாத ஒரு எடம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

ஏழு வருஷம். நானும் அவளுக்குப் பக்கத்தில், எங்கள் அறையில் அதே கட்டிலில்தான் படுத்திருந்தேன். அப்பாவின் மூச்சு எங்கள் அறைவரை கேட்கும் என்பதே எனக்கு அந்தக் கடற்கரையில்தான் தெரிந்தது. எல்லா ஆண்பிள்ளைகளும் சொல்வதையே நானும் சொன்னேன்.

"என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பினேங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "மொத வருஷம் பூரா எழுப்பினேன். 'ம்'னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவீங்க. காலைல வேலைக்குப் போறவரு பாவம்னு அப்புறம் விட்டுட்டேன்."

எனக்கு அது ஞாபகமில்லை. ஒரு தடவைகூட ஞாபகமில்லை. அங்கே உட்கார்ந்தபடியே மனதைக் குடைந்து பார்த்தேன். பிறகு எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். அவள் கை என் தோளில் பட்டதோ, நான் 'ம்' என்றதோ எதுவுமே வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியென்றால் முன்னூறு, நானூறு தடவை அது நடந்திருக்கிறது. நான் அங்கே இருந்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்கலாம் என்றால், ஞாபகத்திலேயே இல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று புரியவில்லை. அழுகை மட்டும் வந்தது. தலையைக் குனிந்து மணலில் கிடந்த கைப்பையை எடுத்துத் தட்டினேன்.

அதற்குள் இன்னொருவர் மைக்கைப் பிடித்துவிட்டார். முந்தையவரைவிட மோசமாகப் பாடினார். மோட்டார் சைக்கிள்களும் திரும்பி வந்தன. நிமிர்ந்து பார்த்தபோது அவள் மறுபடியும் தலையைச் சாய்த்திருந்தாள். கண் மூடியிருந்தது. கடைக்கார அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாவியோடு வந்தார். எத்தனை பேர், எந்த அறை, எத்தனை நாள் என்று மலாயில் கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்லிப் பழகிய வாய், சொல்லத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டேன்.

அவளே சொல்வாள் என்று கையால் காட்டினேன். அந்த அம்மா அவளைத் தொட்டு எழுப்பக் குனிந்தார். எழுப்ப வேண்டாம், காத்திருக்கிறேன் என்றேன்.