மகளின் மசக்கையும் மருமகனின் ஸ்கேலும்

என் மகளுக்கு நாலாம் மாதம். சோறு, ரசம், இட்லி, எதுவும் வயிற்றில் தங்கவில்லை. குடித்த தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. கேளம்பாக்கம் ஃப்ளாட்டில் சமையற்கட்டுக்கும் பால்கனிக்குமாக நான் நடந்ததில் தரையே தேய்ந்திருக்கும். ஒரு நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"யம்மா, வெளிநாட்டுல நானும் அவரும் சாப்ட்டுகினு இருந்தோமே கடல் முள்ளெலி, அதோட முட்டைய வறுத்துக் குடு. சாப்புடுறேன்."

மாங்காய் கேட்டிருந்தால் மார்க்கெட்டுக்குப் போயிருப்பேன். இதுவோ பாறை இடுக்கில் முள் விரித்து உட்கார்ந்திருக்கும் உருண்டை. நம் கரையில் அதை மிதிக்காமல் நடக்கத்தான் பார்ப்பார்கள். தின்பவரை நான் பார்த்ததில்லை.

மருமகனும் அவளும் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே இதை எடுக்கச் சட்டம் உண்டாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து. அவரவர் பங்கை அவரவர் கையால் எடுக்க வேண்டும். சின்னதை விட்டுவிட வேண்டும். இங்கே என்ன சட்டம் என்று மருமகன் நாலு பேரிடம் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊர்ச் சட்டத்தையே மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஐந்து போதாதென்று என்னையும் ஒரு ஆளாக இழுத்துப் போனார்.

காலையில் கடல் வற்றியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையுறை போட்டுத் தடவினேன். மருமகன் ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்தார். வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, அதுக்கு சட்ட தெக்கப் போறியா?"

பத்து சேர்ந்ததும் மருமகன் தலையில் கை வைத்தார்.

"அத்தே, தப்பாயிடுச்சி. முள்ள சேக்காம ஓட்ட மட்டும் அளக்கணும்."

"மொட்ட அடிச்சிட்டா அளக்கணும், மாப்ள?"

மறுபடி அளந்ததில் தேறியது மூன்று. மற்ற ஏழையும் எடுத்த இடத்திலேயே விட்டுவருகிறேன் என்று போனார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அவள் பட்டினி.

"சீக்கிரம் வாங்க மாப்ள, அதுங்களுக்கு வூட்டுக்கு வழி தெரியும்!"

திரும்பியவர் நொண்டி நொண்டி நடந்தார். பாறை குத்திவிட்டது என்றார்.

மூன்றையும் உடைத்ததில் ஒரு கரண்டிதான் கிடைத்தது. மிளகு தூவி வறுத்தேன். மகள் தின்றாள். நாங்கள் இருவரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கியது. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் இல்லியா?"

மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் பேண்ட் பாக்கெட்டில் கை விட்டார். "ஸ்" என்று முனகிக்கொண்டே இரண்டை எடுத்து வைத்தார். எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை.

"மாப்ள, ஸ்கேலு எங்க?"

"அத்தே, நீங்க அடுப்பப் பத்த வையுங்க."