ஒத்துப்போன கையெழுத்து

மற்றவர்களின் சேமிப்பை முதலீடு செய்து பராமரிக்கும் நிதி நிறுவனம் அது. அங்கே அவளுக்குக் கையெழுத்துப் பார்க்கும் வேலை. திரையில் இடது பக்கம் வாடிக்கையாளரின் பழைய கையெழுத்து, வலது பக்கம் புதியது. எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று கணினியே சொல்லிவிடும். ஆனாலும் பெரிய தொகை என்றால் ஒரு ஆள் பார்த்தாக வேண்டும். பதினோரு வருடமாக அந்த ஆள் அவள்தான். ஆபீஸில் அவள் பெயர் பூதக்கண்ணாடி.

அன்று ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதையும் எடுக்கக் கேட்டு விண்ணப்பம் வந்தது. கணினி தொண்ணூற்றொன்பது என்றது. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. எந்த மனுஷியும் தன் கையெழுத்தை அச்சு மாறாமல் இரண்டு முறை போடுவதில்லை. இது பழைய கையெழுத்தின் மேல் காகிதம் வைத்து வரைந்தது போல இருந்தது.

டீம் லீடர் அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான். "ஒத்துப்போகலைன்னு நிறுத்துவாங்க. ஒத்துப்போகுதுன்னு யாராவது நிறுத்துவாங்களா மேடம்? போன் பண்ணிக் கேளுங்க. ஒரு தடவைதான், ரூல் தெரியும்ல?"

போனை ஒரு ஆண் எடுத்தார், மனைவியைக் கூப்பிட்டார்.

"பணம் எடுக்க நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஆமா, நான்தான் போட்டேன்."

அதற்குமேல் கேட்க அவளுக்கு அதிகாரமில்லை. ஐந்து மணிக்கு அனுமதி கொடுத்துவிட்டாள்.

வீட்டில் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்த கணவர், "உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு. ஆபீஸ்ல என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். அந்த இடைவெளிதான் காதில் இருந்தது. ஆமா என்று சொல்ல அவ்வளவு நேரம் எதற்கு?

மறுநாள் மதியம் ஒன்றரைக்குப் பணம் போய்விடும். பத்து மணிக்கு, ரூலை மீறி, மறுபடி கூப்பிட்டாள். ஆண் குரல். வைத்துவிட்டாள். பதினொன்றரைக்கும் அதே குரல். தண்ணீர் பிடிக்கப் போனாள், பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். மணி ஒன்று பத்துக்கு அந்தப் பெண் எடுத்தார்.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நேத்து வீட்டுக்காரர் ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பக்கத்துலயே நின்னார். எனக்குக் காகிதம் எதுவும் தெரியாதுங்க. நான் ஒண்ணும் போடல."

"நிறுத்தட்டுமா? வாயால சொல்லுங்க, பதிவாகுது."

"நிறுத்துங்க."

பணம் அனுப்பும் பிரிவு இரண்டு மாடி மேலே. லிஃப்ட் அசையக் காணோம். படியேறி ஓடினாள். அங்கிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். "விடச் சொன்னதும் நீங்க, நிறுத்தச் சொல்றதும் நீங்க. நல்லா இருக்கு." ஆனால் நிறுத்தினார்.

பணம் தப்பியது. அவளுக்கு ஒரு மெமோ வந்தது: சந்தேகம் இருந்தும் அனுமதித்தது, விதியை மீறிக் கூப்பிட்டது. அந்த வருடச் சம்பள உயர்வு போயிற்று. அது அவளை அவ்வளவாக உறுத்தவில்லை. பணம் வரவில்லை என்று தெரிந்த நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அதுதான் விடவில்லை. கணவர், "நீ நல்லதுதானே பண்ணின?" என்றார். "என் மனசுக்கு நல்லது. அந்தம்மாவுக்கு?" என்றாள். பலமுறை ரிசீவரை எடுத்து எடுத்து வைத்தாள். இனி ஒருமுறை கூப்பிட்டால் வேலையே போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கணக்கில் முகவரி மாற்றம் வந்தது. பார்த்ததும் கிளைக்குப் போன் போட்டாள். "நேர்ல வந்தாங்களா?"

"வந்தாங்க மேடம். கூட அவங்க அக்கா வந்திருந்தாங்க. இனிமே அக்கா வீட்டுலதானாம்."

"ஆள் எப்படி இருந்தாங்க? முகம் எப்படி இருந்தது?"

"வரிசையில நாப்பது பேர் நிக்கிறாங்க. முகத்தையெல்லாம் எங்க பாக்கறது மேடம்?"

அவள் சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுத்த விண்ணப்பம் திரைக்கு வந்திருந்தது. அதைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.