ஆறு வீட்டுக்கும் ஒரே பட்டன்

ஹோர்ன் அடிக்காமல் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். நான் போனில் ஒரு செயலி செய்யப் புறப்பட்டதற்கு இதைவிட வேறு காரணம் இல்லை.

கப்பல்துறையிலிருந்து ஆறு பிள்ளைகளை என் ஓட்டோவில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறேன். கடைசியாக ஏறும் பிள்ளை முதலாம் தரம். அவளுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை; இரவு முறை. விடியத்தான் வந்து படுப்பார். அந்த நேரம் பார்த்து நான் போய் ஹோர்ன் அடிப்பேன். ஒரு நாள் அந்த அம்மா ஓட்டோவுக்குக் கிட்ட வந்தார்.

"அண்ணை, இவர் நித்திரை இல்லாமல்தான் கிரேனில ஏறுறார். எனக்குப் பயமாக் கிடக்கு."

இனி அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்வது சுகம், செய்வதுதான் கஷ்டம். ஹோர்ன் இல்லையென்றால் நான் இறங்கி, அவர்களின் வீடு இருக்கும் குறுகிய ஒழுங்கைக்குள் நடக்க வேண்டும். லொறி பறக்கிற கண்டி வீதியில் ஐந்து பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியுமா?

ஆறு பேருக்கும் மிஸ்ட் கோல் கொடுத்தால் போச்சு என்றாள் மனைவி. ஒவ்வொரு நாளும் ஆறு எண்ணைத் தேடி அழுத்துவதா? இரண்டு வீட்டில் பழைய பட்டன் போன், ஆகவே வட்ஸ்அப்பும் சரிவராது. நான் வெளிக்கிடும்போது ஒரு தொடுகை. ஆறு வீட்டுக்கும் குறுஞ்செய்தி. அதுதான் என் எண்ணம்.

மகளின் லெப்டொப்பில் அதற்கொரு தளம் இருந்தது. எதையும் எழுத வேண்டாம். நிறநிறமான கட்டைகளை இழுத்து ஒன்றுக்குள் ஒன்று பொருத்தினால் செயலி வந்துவிடும். சின்னப் பிள்ளையும் செய்யலாம் என்றார் வீடியோவில் ஒருவர். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு மூன்று கிழமை எடுத்தது. கட்டைகளில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். நிறத்தை வைத்துத்தான் பொருத்தினேன். ஒட்டும் என்று நினைத்தது ஒட்டாது. சரி என்று நினைத்த இடத்தில் சிவப்பு அடையாளம் வரும். நான்கு தரம் எல்லாவற்றையும் அழித்தேன். வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

"கட்டை கட்டை எண்டு மூண்டு கிழமை," என்றாள் மனைவி. "இதுக்குள்ள கல்லால ஒரு மதிலே எழுப்பியிருப்பீங்கள்."

கடைசியில் அவளுடைய போனுக்கே அனுப்பிப் பார்த்தேன். செயலியைத் திறந்து பட்டனை அழுத்தினேன். செய்தி வந்தது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

செய்தி வந்ததும் பிள்ளையோடு வாசலுக்கு வரும்படி ஆறு வீட்டுக்கும் சொல்லிவைத்தேன். முதல் நாள் காலை நல்ல மழை. ஐந்தரை மணிக்குத் தேத்தண்ணியோடு இருந்து, சந்தோசத்தில் செயலியைத் திறந்து அழகு பார்த்தேன். பட்டனைத் தொடவில்லை. தொடாமல் மூடிவிட்டு, வழக்கம்போல ஆறேகாலுக்குப் பட்டனை அழுத்திவிட்டு வெளிக்கிட்டேன்.

எல்லா வீட்டு வாசலிலும் பிள்ளைகள் நனைந்துகொண்டு நின்றார்கள். கடைசிப் பிள்ளை வீதிக்கரையில் தாயின் சேலைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். தாய் போனை நீட்டினார். ஓட்டோ வெளிக்கிட்டுவிட்டது என்று என் செய்தி ஐந்தரைக்கே வந்திருந்தது.

பின்னேரம் லெப்டொப்பைத் திறந்து, கட்டைகளின் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். 'பட்டனை அழுத்தும்போது' என்று ஒரு கட்டை. 'செயலி திறக்கும்போது' என்று இன்னொன்று. இரண்டும் ஒரே மண்ணிறம். அனுப்பும் கட்டையை நான் இரண்டாவதற்குள் செருகியிருந்தேன். என் பட்டன் வெறும் படம். மாற்றிப் பொருத்த அரை நிமிடம் போகவில்லை. அந்த அரை நிமிடம்தான் எனக்கு மூன்று கிழமையைவிட எரிச்சலைத் தந்தது.

பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சல். சரிசெய்துவிட்டேன் என்று சொல்லப் போனேன்.

"உங்கட செய்தியை இனிப் பாக்கமாட்டன், அண்ணை. மணியைப் பாத்து நானே வந்து நிக்கிறன்."

இப்போது செயலி சரியாக வேலை செய்கிறது. நாள்தோறும் அழுத்துகிறேன், ஆறு வீட்டுக்கும் போகிறது. கடைசி வீட்டில் மட்டும் அந்த அம்மா போனைப் பார்ப்பதில்லை. நான் போகுமுன்பே, வெயில் என்றாலும் குடையோடு, மகளைப் பிடித்துக்கொண்டு வீதிக்கரையில் நிற்கிறார். ஹோர்னுக்கு அங்கே வேலையில்லை. உள்ளே அந்த மனிதர் நித்திரை கொள்கிறார். எனக்கு வேண்டியது அதுதானே. ஆனால் அந்தக் குடையைக் காணும்போதெல்லாம் என் முகம் சுருங்குகிறது.