ஏரிக்கரைக்கு வந்த சலவைத் தண்ணீர்

தெருவில் அவளுக்கு ‘மோப்பம்’ என்று பேர். கடையில் எண்ணெய் வாங்கினாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் காசை நீட்டுவாள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டாள். என்ன வேண்டும் என்று திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

பதினோரு பெண்கள் சேர்ந்து நடத்தும் செடிப் பண்ணைக்கு அவள்தான் பொறுப்பு. சலவைத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டிய காலி மனையில், கறுப்புப் பைகளில் நாலாயிரம் மரக்கன்றுகள். போன மழையில் ஏரிக்கரை அரித்துத் தெருவெல்லாம் வெள்ளம். அடுத்த மழைக்குள் கரையில் மரம் வைத்துக்கொள்ளலாம் என்று நகராட்சி அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் பண்ணைக் கிணறு கோடை பிறக்கும் முன்பே கையை விரித்துவிட்டது. வாளிக் கயிற்றை மூன்று முறை நீட்டியாகிவிட்டது. இன்னும் இருபது நாள் தாங்கினால் அதிகம். அதற்குப் பிறகு நாலாயிரமும் சுள்ளிதான்.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலை மேலாளர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

“கடைசி அலசல் தண்ணி தினமும் சாக்கடைக்குத்தான் போகுதும்மா. ஒரு வடிகட்டி வச்சு, குழாயும் போட்டுத் தர்றோம். ஒரு பைசா வேண்டாம்.”

“எதுக்கு சார்?”

“எதுக்குன்னா... ஊருக்கு ஏதாவது நல்லது பண்ணலாமேன்னு.”

அந்தப் பதில்தான் காரியத்தைக் கெடுத்தது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று வந்தவர்களை அவள் நிறைய பார்த்திருக்கிறாள். போட்டோ எடுத்த மறுநாள் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள்.

“குழாய் போடுங்க. கன்னுக்கு விடறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்” என்றாள்.

அவளுடைய ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. “தானா வர்ற தண்ணிய வேண்டாங்குறியே அக்கா! பொண்ணு பாக்க வந்தப்ப மாமாவையும் இப்படித்தான் மோந்து பாத்தியா?”

“பாத்தேன். பீடி நாத்தம். இல்லவே இல்லன்னாரு. இன்னைக்கு வரைக்கும் இல்லன்னுதான் சொல்றாரு.”

குழாய் வந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. ஆள் பார்க்கும் நாளில் நல்ல தண்ணீரை விட்டுவிட்டு மற்ற நாளில் கழிவைத் தள்ளினால்? தொழிற்சாலைக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. ஆறு பிளாஸ்டிக் கோப்பைகளில் காராமணி விதைத்தாள். ஒவ்வொரு நாள் தண்ணீரையும் தனிக் குடத்தில் பிடித்து, அந்தந்த நாளுக்கான கோப்பைக்கு மட்டும் ஊற்றி வந்தாள். கன்றுகளுக்குக் கிணற்றில் மிச்சமிருந்ததையே சுரண்டி இறைத்தாள். தோள்பட்டை விட்டுப்போயிற்று. ‘நல்ல மனுஷனை வீணாகச் சந்தேகப்பட்டு நானே கன்றுகளைக் காயவிடுகிறேனோ’ என்ற பயமும் உள்ளூர அரித்தது.

பன்னிரண்டாம் நாள் ஐந்து கோப்பைகள் பச்சென்று நின்றன. ஒன்றில் மட்டும் இலை ஓரமெல்லாம் தீய்ந்திருந்தது. திங்கட்கிழமைக் கோப்பை.

அதைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆவி பறக்கும் சலவைக் கூடத்துக்குள் நேராக நடந்தாள்.

“திங்கக்கிழமை என்ன சார் துவைக்கிறீங்க?”

“எப்பவும் துவைக்கிறதுதாம்மா.”

“ஆஸ்பத்திரி விரிப்பு சார்” என்றார் இயந்திரத்தருகே நின்ற தொழிலாளி. “அன்னைக்கு மட்டும் பிளீச்சிங் ஜாஸ்தி போடுவோம்ல.”

மேலாளரின் முகம் சுருங்கியது. “சத்தியமா எனக்குத் தோணலம்மா.”

“எப்படித் தோணும்? கருகினா எங்க கன்னுதானே.”

“எனக்கும்தான் கருகும்!” அவர் குரல் உயர்ந்துவிட்டது. “போன மழையில இந்த மெஷினெல்லாம் முழங்கால் தண்ணியில நின்னுது. ஒன்பது நாள் கதவைச் சாத்தினோம். இன்னொரு தடவை கரை உடைஞ்சா முதலாளி இங்கேருந்து மூட்டை கட்டிடுவாரு. அப்புறம் நானும் இவங்களும் நடுத்தெருவுலதான்.”

“இதை ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சுயநலம்னு நினைப்பீங்களேன்னு...”

“சுயநலம்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேனே தம்பி!”

தொழிலாளி சிரிப்பை அடக்கத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் மூன்று விஷயம் கேட்டாள். திங்கட்கிழமைத் தண்ணீர் குழாய்ப்பக்கமே வரக்கூடாது. மதிலுக்குப் பண்ணைப் பக்கம் ஒரு வால்வு வைத்துப் பூட்ட வேண்டும். சாவி அவளிடம் இருக்க வேண்டும். முதலாளி மூன்று நாள் முரண்டு பிடித்தாராம். நாலாவது நாள் சாவி வந்தது. அன்று கிணற்றில் வாளி மோதிச் சேற்றோடு மேலே வந்தது. அவள் வால்வைத் திறந்தாள்.

முதல் மழைக்கு ஒரு மாதம் முன்பே நாலாயிரமும் கரையேறின. ஒரு நாள் காலை, ஓரகத்தியோடு கரைக்குப் போனபோது மேலாளர் தன்னந்தனியாகக் குந்தியிருந்தார். ஒவ்வொரு கன்றையும் லேசாக இழுத்து, வேர் பிடித்திருக்கிறதா, சும்மா செருகி வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா அக்கா, நம்மளையே சந்தேகப்படுறான்!” ஓரகத்தி கொதித்தாள்.

மோப்பம் சிறிது நேரம் அவரையே பார்த்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்த ஆள்மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது.

“தம்பி, அங்க இல்ல. இந்த ஓரத்தைப் பாருங்க, இங்கதான் மண்ணு இளக்கம்.”

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். “இல்லக்கா, சும்மா...”

“சும்மா என்ன சும்மா. நல்லா இழுங்க” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கன்று இழுத்துப் பார்த்தபின் மெல்லக் கேட்டாள்:

“ஆமா, குழாயில இருக்குற வடிகட்டியைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?”