பொட்டு வைக்காத பேட்

ஆயுத பூஜையன்று எதற்குப் பொட்டு, எதற்கு இல்லை என்று முடிவு செய்வது எங்கள் வீட்டில் என் கணவர்தான். லேப்டாப்புக்கு உண்டு, காருக்கு உண்டு, மிக்ஸிக்கும் உண்டு. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் சந்தனக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்தவர், சுவரில் இருந்த என் நான்கு பேட்களையும் தாண்டி வாஷிங் மெஷினிடம் போனார்.

"இதுக்கு?" என்றேன்.

"அது ஷோவுக்குத்தானே மாட்டியிருக்க. ஓடுற சாமானுக்குத்தான் பூஜை."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வேலூரில் படிக்கும்போது கல்லூரி அணிக்காகப் பால் பேட்மிண்டன் ஆடியவள் நான். மஞ்சள் கம்பளி நூல் பந்து, கனமான பேட், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஷட்டில் இல்லை, ஷட்டில் இல்லை என்று இந்த ஊரில் எத்தனை பேருக்குத்தான் விளக்குவது! கல்யாணமாகி வைட்ஃபீல்டுக்கு வந்த நாளிலிருந்து பேட்கள் பரணில் கிடந்தன. குழந்தை, ஆபீஸ், டிராஃபிக் என்று பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது ஹால் சுவருக்கு மான் படம் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்தார் இவர். மானும் வேண்டாம், மயிலும் வேண்டாம் என்று நானே இறங்கினேன். பிளைவுட் பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, நான்கு பேட்களை விசிறி போல அடுக்கி, நடுவே கடைசியாக மிஞ்சியிருந்த பந்தை வைத்து, நரம்பு அறுந்த இடங்களில் சின்னச் சின்ன சீரியல் லைட் கோத்தேன். எல்லாவற்றையும் கார்பென்டர் பசையால் தாராளமாக ஒட்டினேன். பூகம்பமே வந்தாலும் விழாது என்று பீற்றிக்கொண்டேன். வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். எனக்கு மட்டும் அந்த விளக்கைப் போடும்போதெல்லாம், என் படத்துக்கு நானே மாலை போட்ட மாதிரி இருக்கும்.

அந்த ஆயுத பூஜை சாயங்காலம் எதிர் ஃபிளாட் அம்மா பொரி, கடலை, வாழைப்பழத்தோடு வந்தார். மண்டியாக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும். தட்டை நீட்டியவர் சுவரைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது பால் பேட்மிண்டன் பேட் அல்வா, இல்லையா? நானும் காலேஜ்ல ஆடியிருக்கேன். கீழ கோர்ட் காலியாத்தான் இருக்கு, பன்னி, வாங்க, ஆடலாம்."

முட்டி வலி என்றேன், வெயிட் போட்டுவிட்டது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "கர்நாடகா கிட்ட தோத்துடுவீங்கன்னு பயமா?" என்றார். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியுமா?

நேரே ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனேன். அதில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. பொட்டு வைத்த சாமானை நாளைக்குத்தான் தொட வேண்டும் என்று குறுக்கே நின்றார் கணவர்.

"பேட்டுக்குத்தான் நீங்க பொட்டே வைக்கலையே. அதைத் தொடலாம்ல?"

அவர் பொட்டு வைக்க மறந்த இன்னொரு சாமானும் சமையலறையில் இருந்தது: தோசைத் திருப்பி. அதைப் பலகைக்கும் பேட்டுக்கும் நடுவில் விட்டு நெம்பினேன். நரம்பு நன்றாக இருந்த இரண்டு பேட்கள் பிளைவுட் சிராயோடு பிய்ந்து வந்தன. பந்து வந்தபோது பாதிக் கம்பளி பலகையிலேயே தங்கிவிட்டது.

அந்த வழுக்கைப் பந்தோடு நானும் எதிர் ஃபிளாட் அம்மாவும் கீழே இறங்கினோம். என் முதல் சர்வீஸ் நெட்டில் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே விழுந்தது. மூன்றாவது தாண்டியது. அவர் திருப்பி அடித்ததை என் மணிக்கட்டு தானாகவே வெட்டி, நெட்டை ஒட்டி அந்தப் பக்கம் இறக்கியது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியர்வை என்று புளுக மாட்டேன், அழுதேன். ஆட்டத்தில் தோற்றேன், அதுவும் மோசமாக.

இப்போது சனிக்கிழமைகளில் ஆறு பேர் ஆடுகிறோம். ஹால் சுவரில் இரண்டு பேட், இரண்டு சிராய்த்த தழும்பு, நடுவில் கொஞ்சம் மஞ்சள் கம்பளி. மான் படம் வாங்கட்டுமா என்று இவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

போன வருஷ ஆயுத பூஜை சனிக்கிழமையில் வந்தது. ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் மூலையில் சாய்த்திருந்த என் பேட்டின் கைப்பிடியில், ஈரம் காயாத சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

"இன்னைக்குத் தொடாத," என்றார் கணவர்.

ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அவர் கொடுத்த பொரியை நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டிருந்தேன்.