மூன்றாவது பிரேக்

அந்த ரொட்டிக்காரருக்கு வாழ்க்கை இரண்டு. பேக்கரியின் பின்கட்டில் மாவும் புகையுமாக, தானுண்டு தன் அடுப்புண்டு என்று இருப்பது ஒன்று. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைச்சாலையில் ஏறுவது இன்னொன்று. ஊரில் அவருக்கு மலைப்பைத்தியம் என்று பேர். அவரும் மறுத்ததில்லை. உண்மையை மறுத்து என்ன ஆகப்போகிறது?

ஊர் முடிகிற இடத்திலேயே ஏற்றம் தொடங்கிவிடும். முதலில் மூங்கில், அப்புறம் ஆளுயரப் பெரணிச் செடிகள், அதற்கும் மேலே எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் பாறை. முதுகில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், அடுத்த வளைவில் மழை காத்துக்கொண்டு நிற்கும். பாதி மலை தாண்டினால் மேகம் சாலைக்கே இறங்கி வந்து ஆளைச் சுற்றிக்கொள்ளும். அந்த இடத்தில் மூச்சும் மிதியும் ஒன்றாகிவிடும். தான்தான் ஏறுகிறோமா, இல்லை மலை மெல்லக் கீழே இறங்குகிறதா என்றே அவருக்குச் சொல்லத் தெரியாது. திரும்பி வருகையில் சட்டைக்குள் காற்று புகுந்துகொள்ள, வளைவுக்கு வளைவு உடம்பு தானாகச் சாயும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் கட்டில் சற்று நேரம் சாய்ந்துகொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு தினமும் போனார், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். கட்டிக்கொண்டவளும் லேசுப்பட்டவள் இல்லை. அதே மலைச்சாலையில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். மேலே இருக்கும் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளைக் காலையில் இறக்கிக் கொண்டுவந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். ரோட்டை அடைத்துக்கொண்டு போன பைத்தியத்துக்கு ஹாரன் அடித்ததுதான் தான் செய்த ஒரே தப்பு என்றும், அது நேரே வீட்டுக்கே வந்துவிட்டது என்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவர் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் யாரோ திரையை மெல்ல இழுத்துவிடுவது போலிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி அவர் இதை மனைவியிடம் மறைத்துப் பார்த்தார். ஒரு நாள் பட்டப்பகலில், காலம் காலமாக அதே இடத்தில் நிற்கும் மைல்கல்லில் மோதி ஓடைக்குள் விழுந்து கிடந்ததும் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. மிச்சமிருக்கும் பார்வையும் மெதுவாகப் போகும், இனி சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலைக்குப் பங்கம் வரவில்லை. மாவு பிசையக் கண் எதற்கு? வெந்ததா இல்லையா என்று மூக்கே சொல்லிவிடும். போனது மலைதான். சைக்கிள் சுவரில் ஆணியில் ஏறிக்கொண்டது. மனிதர் பேச்சைக் குறைத்தார், அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தார். ஒரு நாள் ரொட்டியில் உப்பே இல்லை, மறுநாள் இரண்டு பங்கு இருந்தது. அவள் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டல்லவா?

அவளுடைய தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். சுவரில் தொங்கியதையும் காயலான் கடையில் கிடந்த இன்னொரு சைக்கிளையும் அவன் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, இரண்டையும் ஒன்றாக்கு, முன்னால் நான், பின்னால் உன் மாமா என்றாள். அக்கா கேட்பது சைக்கிளா ரயிலா என்று அவன் கேட்டுப் பார்த்தான். அவள் வெல்டிங் கண்ணாடியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

செய்தி கேட்டு ரொட்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மறு நிமிடமே பயம் பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் உட்கார்ந்தால் மிதிக்கலாம், அவ்வளவுதான். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அத்தனை வருஷம் உயிரைத் தன் கையில் பிடித்துக்கொண்டே இறங்கியவர் அவர். சுவரைத் தடவிக்கொண்டு தனியாகப் பட்டறைக்குப் போனார்.

"மாப்ள, பின்னாலயும் ஒரு பிரேக் வச்சிடு. என் கைக்கு எட்டற மாதிரி. உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது."

"தெரிஞ்சா அக்கா என்னைத்தான் தொலைச்சுக் கட்டும் மாமா."

இருந்தாலும் வைத்துக் கொடுத்தான். கம்பியைக் குழாய்க்குள்ளேயே விட்டு வெளியே தெரியாமல் கொண்டுபோனான். பின்கைப்பிடியில் எதற்கு லீவர் என்று அக்கா கேட்டபோது, அது பழசு, சும்மா கிடக்கிறது, கழற்றினால் கைப்பிடி மொட்டையாக இருக்கும் என்று சாதித்துவிட்டான். முன்னால் இரண்டு பிரேக் இருக்கும்போது அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளி மைதானத்தில் பழகினார்கள், விழுந்தார்கள், பார்க்க வந்த கூட்டத்துக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தார்கள். பிறகு விடுமுறை நாட்களில் மலையேறினார்கள்.

அவள் முதுகின் சூடு அவர் முகத்துக்கு வந்தது. வேன்காரி வேன்காரியாகத்தான் பேசினாள். குழி, லாரி, மாடு, அவ்வளவுதான் அவள் பேச்சு. நாளாக ஆக அந்தப் பேச்சு மாறியது. பள்ளத்தில் மேகம் படுத்திருக்கிறது, அதற்கும் கீழே எங்கேயோ வெயில் அடிக்கிறது, அந்த வெயிலில் ஒரே ஒரு வீட்டுக் கூரை மட்டும் மினுங்குகிறது என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. கண் நன்றாக இருந்த காலத்தில் அவர் பார்த்ததெல்லாம் முன்சக்கரத்துக்கு முன்னாலிருக்கும் தார்தான். இப்போது கண்ணை மூடிக்கொண்டு மிதித்தால், அவள் சொன்ன கூரைக்கு மேல் தானும் மிதந்துபோவது போலிருந்தது. இது கனவு என்றால் யாரும் எழுப்பிவிடாமலிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இறக்கத்தில் மட்டும் அந்தக் கனவு கலைந்துவிடும். அவள் பிடிப்பதற்கு முன்பே அவர் விரல் லீவரை அழுத்திவிடும். மலை முழுக்க அழுத்தியபடியே இறங்குவார். சைக்கிள் ஏன் இப்படி இழுக்கிறது, இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருக்கிறதே என்று அவள் தம்பியைத் திட்டித் தீர்த்தாள். அவன் இருதலைக் கொள்ளி எறும்பாகி, நன்றாக இருந்த பேரிங்குகளுக்கெல்லாம் திரும்பத் திரும்பக் கிரீஸ் அடித்தான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று இவர் வேறு கேலி செய்தார். மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டும்.

ஒரு நாள் மழை விட்டிருந்தது. மலை உச்சிக் கணவாயிலிருந்து இறங்கும்போது பனிமூட்டம் அப்பிக்கிடந்தது. தனக்கே சாலை கொஞ்சதூரம்தான் தெரிகிறது என்று அவள் சொன்னதும் அவர் விரல் லீவரை விட்டு எழவேயில்லை. வழியில் ரப்பர் தீய்கிற வாசனை வந்தது. ரொட்டி கருகுவதை அடுத்த தெருவிலிருந்து கண்டுபிடிக்கிற மூக்கு, இதை ஏதோ லாரியின் வாசனை என்று தள்ளிவிட்டது.

பின்சக்கரத்து டியூப் வெடித்தது. சைக்கிள் வாலை ஆட்டியது. அவர் பயத்தில் இன்னும் இறுக்கி அழுத்த, சக்கரம் வழுக்கியது. அவள் கைப்பிடியை நேராகப் பிடித்து, பள்ளத்தோரத் தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் காலை ஊன்றி நிறுத்தினாள்.

இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைத் தொட்டவள் கையை உதறினாள். சுட்டுவிட்டது. சக்கரம் சுட்டால் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது என்று ஒரு டிரைவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரேக் கட்டையிலிருந்து குழாய்க்குள் போகும் கம்பியைப் பார்த்தாள். அது எங்கே போய் முடிகிறது என்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் விரல் இன்னும் லீவரை அழுத்தியபடியே இருந்தது. கையும் களவுமாக என்பார்களே, அது இதுதான்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சுட்ட விரலை ஊதிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை பிள்ளைங்களைப் பெத்தவங்க என்னை நம்பித்தான் தினமும் வேன்ல ஏத்தி விடறாங்க. ஒருத்தர்கூட உள்ள தனியா பிரேக் கேக்கல."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உன்மேல் நம்பிக்கை இல்லாமலில்லை என்று மழுப்பலாம். ஆனால் மழுப்பி மழுப்பித்தான் டியூப் வெடித்திருக்கிறது.

"பயமா இருக்கு," என்றார். "ஒண்ணுமே பண்ணாம பின்னால உக்காந்திருக்கறது. இனிமே எல்லாத்துக்கும் இப்படித்தானேன்னு."

அவள் விரலை ஊதுவதை நிறுத்தினாள். மேகம் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து போயிற்று.

சக்கரம் ஆறியதும் பையிலிருந்த மாற்று டியூபை அவரே தடவித் தடவிப் போட்டார். டயர் ஓரம் கொஞ்சம் கருகியிருந்தாலும் கிழியவில்லை. காற்றடித்து முடித்துவிட்டு கட்டிங் பிளேயரைக் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். தன் லீவருக்குப் போகும் கம்பியை விரலால் தேடிப் பிடித்து வெட்டினார்.

"இன்னும் பாதி மலை கிடக்கு," என்றாள்.

"கிடக்கட்டும்."

மறுபடி ஏறி உட்கார்ந்தார்கள். இப்போது அவள் பிரேக் பிடிக்கும் முன்பு, பிடிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடித்தாள். விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு விட்டாள். வலது, இடது எல்லாம் சொன்னாள். வேனில் முதல் நாள் வரும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே குரல். அப்படியும் அவர் விரல் பழக்கதோஷத்தில் லீவரை அழுத்தியது. அது பிடிமானமில்லாமல் தொளதொளவென்று வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி தொளதொளத்தது.

பாறையின் ஈர வாசனை போய்ப் பெரணியின் வாசனை வந்தது. சைக்கிள் முதல் தடவையாக இழுக்காமல் ஓடியது. காற்று அந்தப் பழைய மாதிரியே சட்டைக்குள் புகுந்தது. அவர் லீவரிலிருந்து விரலை எடுத்தார்.

"சொல்லாம போ," என்றார்.

அவள் சொல்வதை நிறுத்தினாள். அடுத்த வளைவு எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சாய்ந்தது மட்டும் தெரிந்தது.